கொடிக் கம்பியில் கரண்ட்

நூர்பானுவின் நிக்காஹுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. தங்கைக்குத் துணையாக ஜரீனா ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து நான்கு நாளாகிவிட்டது. புருஷன் அய்யூப் தெருமுனை வரை கூட வந்தான். பெட்டியை மைத்துனன் நைனா முகமதுவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டான்.

அது அந்த வீட்டில் யாருக்கும் புதிதில்லை. இரண்டு வருஷமாக அப்படித்தான். மாமனார் மைதீன் பிச்சையின் பலசரக்குக் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்த அய்யூப், ஒரு நாள் அதை விட்டுவிட்டு ராஜபாளையம் மில்லில் மின்சார வேலைக்குச் சேர்ந்தான். அன்றைக்கு மைதீன் பிச்சை, கடையில் நாலு பேர் கேட்க, “கம்பத்துல ஏறுறவனுக்கா என் பொண்ணைக் குடுத்தேன்? இனி அவன் என் வாசப்படி ஏற வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். அய்யூப் ஏறவில்லை. ஜரீனா மட்டும் நல்லது கெட்டதுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள்.

கடைக்குக் கரண்ட் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த வீட்டுக்கு அரிக்கேன் விளக்குதான். கல்யாணம் வருகிறதே என்று மைதீன் பிச்சை வீட்டுக்கும் லைட்டுப் போட முடிவு செய்தார். வேலையை அய்யூப்பிடம் சொல்ல மனசு வரவில்லை. ஐயாதுரை என்கிற காண்டிராக்டரிடம் கொடுத்தார். அவர் கடையின் போர்டிலிருந்து கம்பி இழுத்து, கூடத்துக்கு ஒன்று, அறைக்கு ஒன்று, கொல்லையில் அடுப்படிக் கொட்டகைக்கு ஒன்று என்று மூன்றே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

லைட்டு எரிந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அது முந்தாநாள்.

இன்றைக்கு மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் ஜரீனா கொல்லைப் பக்கம் போனாள். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. காலையிலேயே ஒரு தூற்றல் விழுந்து தரை சொதசொதவென்று கிடந்தது. மறுபடி மழை வருமுன் காய்ந்த சேலையை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கதவோரம் கிடந்த அத்தாவின் மர மிதியடிக் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு கொடியருகே போனாள்.

கொடி என்றால் கயிறு இல்லை, இரும்புக் கம்பி. அடுப்படிக் கொட்டகையின் தகரக் கூரையில் ஒரு முனை. எதிரே நட்டிருந்த வேப்பங்கட்டையில் மறு முனை.

சேலையை இழுத்தபோது விரல் கம்பியில் பட்டது. சுருக்கென்றது.

சுள்ளெறும்பு என்று நினைத்துக் கையை உதறினாள். கம்பியைப் பார்த்தாள். எறும்பு இல்லை. விரலைப் பார்த்தாள். கடித்த தடமும் இல்லை.

அய்யூப் ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் அன்றைக்குச் செய்த வேலையைச் சொல்லுவான். அவள் கேட்கிறாளா இல்லையா என்றுகூடப் பார்க்க மாட்டான். “சந்தேகமா இருந்தா உள்ளங்கையால தொடவே கூடாது ஜரீனா. கை தானா மூடிப் பிடிச்சுக்கிடும். பொறவு விடாது. தொடாம இருக்கறதுதான் நல்லது.” அவன் சொன்ன எத்தனையோ சொற்களில் அது ஒன்று.

தொடாமல் இருக்க முடியவில்லை. தெரிந்தாக வேண்டும். புறங்கையின் ஓரத்தை மட்டும் கம்பிக்குக் கொண்டுபோனாள்.

மறுபடியும் அதே சுருக்கு. இந்தத் தடவை முழங்கை வரை ஏறிற்று.

“தள்ளுங்க தாயி, நான் போட்டுட்டு வாரேன்.”

திரும்பினாள். செல்லத்தாய் கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மம்சாபுரத்துக்காரி. கல்யாண வேலைக்காகப் பத்து நாளைக்கு வந்திருப்பவள். இடுப்பில் வாளி நிறையப் பிழிந்த துணி. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. காலில் செருப்பில்லை. ஈர மண்ணில் பாதம் புதையப் புதைய வந்தாள்.

“நில்லு செல்லத்தாய். இன்னும் ஒரு எட்டு வைக்காதே.”

“என்ன தாயி, பாம்பா?”

“கொடியில கரண்ட் இருக்கு. வாளியை அங்கனயே வை. கொட்டகைத் தகரத்தையும் தொடாதே. வீட்டுக்குள்ள போ. யாரையும் கொல்லைக்கு விடாதே.”

செல்லத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஜரீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை அப்படியே இறக்கி வைத்தாள்.

ஜரீனா கதவோரச் சுவரைப் பார்த்தாள். கொட்டகை லைட்டின் சுவிட்சு அணைந்துதான் இருந்தது. அணைந்திருக்கும்போதே கம்பியில் கரண்ட் இருக்கிறதென்றால் இந்தச் சுவிட்சை நம்பிப் பயனில்லை. மெயினை இறக்க வேண்டும். மெயின் கடையில் இருந்தது.

அந்த வீட்டுப் பெண்கள் கடைப் பக்கம் போவதில்லை. கூடத்துக்கும் கடைக்கும் நடுவே ஒரு திரை உண்டு. வயசுக்கு வந்த பிறகு ஜரீனா அந்தத் திரையைத் தாண்டியதே கிடையாது. அவள் அம்மா சம்சாத் பேகம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தாண்டியதில்லை.

முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு ஜரீனா திரையை விலக்கினாள்.

கடையில் விவசாயம் செய்யும் கூமாப்பட்டிச் சம்சாரி ஒருவரும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். மைதீன் பிச்சை புளி நிறுத்துக்கொண்டிருந்தார். மகள் வந்ததைப் பார்த்ததும் தராசைப் பிடித்த கை அப்படியே நின்றது.

ஜரீனா யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் போனாள். மெயின் இருந்த இரும்புப் பெட்டியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள். மேலே சுற்றிக்கொண்டிருந்த காத்தாடி மெல்ல மெல்ல நின்றது. பக்கத்தில் இருந்த பீங்கான் ப்யூஸை உருவினாள். முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டாள்.

“ஏட்டி, என்ன காரியம் செய்யுதே?” மைதீன் பிச்சையின் குரல் தாழ்ந்துதான் வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும்.

“கொல்லையில கொடிக் கம்பியில கரண்ட் பாயுது அத்தா. தகரத்துலயும் இருக்கும். மெயினை யாரும் ஏத்தக் கூடாது.”

“லைட்டுதான் அணைஞ்சிருக்கே. அணைஞ்ச லைட்டுல எங்கனகுள்ள கரண்ட் வரும்? ப்யூஸைக் குடு. உள்ள போ.”

“தர மாட்டேன்.”

சம்சாரி தொண்டையைச் செருமிக்கொண்டு தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மைதீன் பிச்சையின் கை மேலே எழுந்தது. பாதியில் நின்றது.

“ஒம் புருஷன் குடுத்த தைரியமா இது?”

“ஆமா அத்தா. அவிய சொல்லிக் குடுத்ததுதான். தம்பியை ராஜபாளையத்துக்கு அனுப்புங்க. அவிய வந்து பார்க்கட்டும். ஒண்ணுமில்லைன்னு சொன்னா, இதே எடத்துல எல்லார் முன்னாலயும் ஒங்க கால்ல விழுதேன்.”

கடையிலேயே நின்றிருந்த நைனா முகமது அத்தாவின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

அதற்குப் பிறகு போன நேரம்தான் ஜரீனாவுக்குப் பெரிய பாடாக இருந்தது. திரைக்குப் பின்னால், கடையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துகொண்டாள். மைதீன் பிச்சை வந்தவர்களுக்கு நிறுத்துக் கொடுத்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சம்சாத் பேகம் ஒரு லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “நிசமாத்தானா ஜரீனா? ஒனக்குச் சரியாத் தெரியுமா?” என்று காதோரம் கேட்டாள்.

“தெரியும்மா” என்றாள் ஜரீனா. சொன்ன பிறகு தனக்கே சந்தேகம் வந்தது. எறும்புதானோ? கம்பியில் ஏதாவது முள் இருந்து குத்தியிருக்குமோ? ஒன்பது நாளில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அத்தாவை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமோ? முந்தானை முடிச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். புறங்கையில் அந்தச் சுருக்கு இன்னும் இருக்கிற மாதிரியே இருந்தது.

சாயங்கால அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அவர்கள் வந்தார்கள். அய்யூப் மில் சட்டையோடேயே வந்திருந்தான். தோளில் சாமான் பை. கடைப் படியருகே ஒரு கணம் நின்றான். பிறகு சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனான். சொன்ன சொல்லை அவனும் மறக்கவில்லை.

கொல்லைக் கதவருகே ஜரீனா ப்யூஸை அவிழ்த்துக் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எத்தனை தடவை தொட்டே?”

“ரெண்டு.”

“காலில என்ன போட்டிருந்தே?”

“அத்தாவோட மிதியடி.”

அய்யூப் கண்ணை மூடித் திறந்தான். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வதுபோல் உதடு அசைந்தது. பிறகு நைனா முகமதுவிடம், “மாமாவைக் கூப்பிடு. அவிய கண்ணால பார்க்கணும்” என்றான்.

மைதீன் பிச்சை வந்து கதவு நிலையில் நின்றார். பெண்களும் அவர் பின்னால் நின்றார்கள். அய்யூப் ஈரத் தரையில் ஒரு கடப்பாரையை இறக்கினான். மரப் பிடியில் மாட்டிய ஒரு பல்பின் இரண்டு வயர்களில் ஒன்றைக் கடப்பாரையிலும் மற்றதைக் கொடிக் கம்பியிலும் கட்டினான். எல்லோரையும் கதவுக்கு உள்ளே நிற்கச் சொல்லித் தானும் வந்து நின்றுகொண்டான்.

“சுவிட்சைப் பாருங்க மாமா. அணைஞ்சிருக்கா?”

“அணைஞ்சிருக்கு.”

“நைனா, ப்யூஸைப் போட்டு மெயினை ஏத்து. நான் கத்தின உடனே இறக்கிரு.”

துணி காயப்போடுகிற கம்பியில் கட்டியிருந்த பல்பு எரிந்தது.

மேகமூட்டத்தில் அந்த வெளிச்சம் மஞ்சளாகத் தெரிந்தது. செல்லத்தாய் வைத்துவிட்டுப் போன வாளி கொடிக்கு ஐந்தடி தூரத்தில் அப்படியே இருந்தது.

“இறக்கு” என்றான் அய்யூப். பல்பு அணைந்தது.

ப்யூஸைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஏணியை வைத்து ஏறினான். மெயின் இறங்கியிருந்தும், ப்யூஸ் தன் பையிலேயே இருந்தும், கம்பியை டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தான். இறங்கும்போது ஒரு முழ வயரை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். தகர விளிம்பு அறுத்து, மேல் ரப்பர் உரிந்து, உள்ளே செம்பு பளபளத்தது.

“தகரத்து மேலயே வயரை இழுத்துட்டாரு. காத்துல தகரம் ஆடி ஆடி அறுத்திருக்கு. இன்னைக்குத்தான் அறுந்திருக்கணும். கொட்டகைக்கு மரக் கால். அதனால கரண்ட் தரைக்கு எறங்கலை. தகரத்துலயும் கொடியிலயும் அப்படியே நின்னுருக்கு. யாராவது ஈரக் காலோட தொட்டா, அவங்க வழியாத்தான் எறங்கும்.”

“சுவிட்சு?” என்றார் மைதீன் பிச்சை.

“வார கம்பியில போட வேண்டிய சுவிட்சைத் திரும்பிப் போற கம்பியில போட்டிருக்காரு மாமா. லைட்டு அணையும். நாம அணைஞ்சிருச்சுன்னு நெனப்போம். கரண்ட் பல்பு வரைக்கும் வந்து காத்துக்கிட்டு நிக்கும். ப்யூஸுல நூல் மாதிரி கம்பி இருக்கணும். தப்பு நடந்தா முதல்ல அது அறுந்து போகணும். இதுல தடிக் கம்பியைச் சுத்தியிருக்கு. எர்த்துன்னு ஒண்ணு போடவே இல்லை.”

செல்லத்தாய் கதவருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு மூணு பிள்ளைக தாயி” என்றாள் ஜரீனாவைப் பார்த்து. ஜரீனாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மைதீன் பிச்சை அந்த அறுந்த வயரை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். விடியற்காலையில் கிணற்றடியில் குளித்துவிட்டு அந்தக் கொடியில்தான் அவர் துண்டைக் காயப்போட்டிருந்தார். அந்தத் துண்டு இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அய்யூப் பையைத் தோளில் மாட்டினான். “மெயின் போர்டு கடையில இருக்கு மாமா. அதைச் சரி பண்ணாம இதைச் சரி பண்ண முடியாது.” கொஞ்சம் நிறுத்தினான். “நீங்க சொன்னா வாரேன்.”

மைதீன் பிச்சை கொல்லைப் படியில் இறங்கினார். ஈரத் தரையில் நடந்து மருமகனிடம் போனார். அவன் தோளிலிருந்த பையைத் தானே கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க மாப்ளே” என்றார். “வீட்டுக்குள்ள வாங்க.”

ஜரீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

பிறகு வேலை மும்முரமாக நடந்தது. கொட்டகை லைனை அய்யூப் முழுசாகக் கழற்றி எறிந்தான். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து கம்பியை மாற்றிக் கட்டினான். சுவருக்குள் வெறுமனே முறுக்கி விட்டிருந்த இணைப்பைப் பிரித்துப் பீங்கான் கனெக்டரில் இறுக்கினான். நைனா முகமது கிணற்றடியில் மார்பளவு குழி தோண்டினான்.

“கரித்துண்டும் கல் உப்பும் வேணும் மாமா. உப்பு ஒரு மூட்டை இருந்தா நல்லது.”

“உப்பா? எதுக்கு?”

“குழிக்குள்ள இரும்புக் குழாய் எறக்கி, சுத்தி உப்பும் கரியும் போடணும். மண்ணு காயாம ஈரமா இருக்கும். எங்கயாவது கரண்ட் கசிஞ்சா இந்தக் குழாய் வழியா பூமிக்குள்ள ஓடிரும். ப்யூஸும் அறுந்துரும். மனுஷன் மேல பாயாது.”

கடையில் மூட்டை தூக்க ஆள் இருந்தான். மைதீன் பிச்சை ஆளைக் கூப்பிடவில்லை. உப்பு மூட்டையைத் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு கொல்லைக்கு வந்தார். கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு என்று மருமகன் சொல்லச் சொல்ல அவரே அள்ளிப் போட்டார். சம்சாத் பேகம் கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்துவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள். எதற்கென்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கு அதற்குக் காரணம் நிறைய இருந்தது.

பொழுது அடையும் நேரம், மஃரிபு தொழுகைக்கு முன்னால் கூடத்தில் ஒரே ஒரு லைட்டை மட்டும் அய்யூப் எரியவிட்டான்.

“மத்ததெல்லாம் நாளைக்கு. மில்லுல ஒரு மீட்டர் இருக்கு, வயர் கசியுதா இல்லையான்னு சொல்லும். அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து பார்க்காம நான் குடுக்க மாட்டேன்.”

“ஒரு லைட்டு போதும் மாப்ளே” என்றார் மைதீன் பிச்சை. “அரிக்கேனுக்கு என்ன கொறச்சல்?”

தொழுதுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார்கள். சம்சாத் பேகம் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்தாள். மைதீன் பிச்சை அதைக் கையில் வாங்கி, மருமகன் முன்னால் தானே வைத்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

“மத்தியானம் கடையில வச்சு ஒன் மேல கையை ஓங்கிட்டேன்மா.”

“ஓங்கலை அத்தா. தூக்கினீங்க. அம்புட்டுதான்.”

“அந்தக் கூமாப்பட்டிக்காரர் போகும்போது என்ன சொன்னாரு தெரியுமா? ‘பாய், ஒங்க மக நின்ன நெலையைப் பார்த்தா பொய் சொல்லுத மாதிரி இல்லை’ன்னாரு. அவருக்குத் தெரிஞ்சுது. எனக்குத் தெரியலை.” அவர் கண் கலங்கியிருந்தது. “அல்லாஹ் ஒன்னைய நல்லா வைக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா இந்நேரம் இந்த வீட்டுல என்ன சத்தம் கேட்டுக்கிட்டிருக்கும்?”

அய்யூப் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். முதல் கவளத்தை அவன் வாயில் வைத்தபோது, உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நூர்பானுவின் குரல் கேட்டது.

“அக்கா, செத்த இங்க வாயேன்.”

கல்யாணப் பெண் நாலு நாளாக அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. ஜரீனா உள்ளே போனாள். நூர்பானுவின் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, அந்தக் காண்டிராக்டர் இங்க வாரதுக்கு முன்னால எங்க வேலை பார்த்தாரு தெரியுமா? ராஜபாளையத்துல, என்னைக் கட்டிக்கிடப் போற அவிய வீட்டுலதான். மாமியே போன வாரம் வந்தப்போ சொன்னாக. கொல்லையில, கொட்டகையில எல்லாம் லைட்டுப் போட்டிருக்காகளாம். இன்னைக்கு அங்க நபி புகழ் பாடி மௌலூது ஓதுதாக. சொந்தக்காரப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் அங்கதான் இருப்பாக.”

ஜரீனா கூடத்துக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். அய்யூப் தட்டில் இருந்த கையை எடுத்தான். சம்சாத் பேகம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாம போயி ஒங்க வீட்டு லைட்டை அணைங்கன்னு எப்படிங்க சொல்லுதது? அதுவும் விசேஷத்தன்னைக்கு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு என்ன திமிருன்னு நெனச்சுட்டாங்கன்னா? ஒன்பது நாள்தாங்க இருக்கு” என்றாள் புருஷனிடம்.

மைதீன் பிச்சை ஏற்கெனவே எழுந்துவிட்டார். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

“நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். நைனா, ஏழு மணி பஸ்ஸை நிறுத்தி வை. மாப்ளே, நீங்க சாப்பிட்டு முடிங்க. அங்க பேசுறது நான் பேசிக்கிடுதேன். ஒங்களை யாரும் ஒரு சொல் சொல்ல விட மாட்டேன்.”

அய்யூப் இரண்டு வாயில் சோற்றை முடித்துக் கைகழுவினான். “ஆம்பளைக நாம முன்வாசல் வரைதான் போக முடியும் மாமா” என்றான் தயக்கமாக. “ஆபத்து கொல்லையில. அங்க பொம்பளைகளா இருப்பாக.”

மைதீன் பிச்சை ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார்.

“துப்பட்டியைப் போட்டுக்கிட்டு நீயும் வா ஜரீனா.”

சம்சாத் பேகம் உள்ளே போய்த் தன் துப்பட்டியையே கொண்டுவந்து மகளின் தலையில் போட்டுவிட்டாள்.

பஸ் ராஜபாளையத்துக்குள் நுழைந்தபோது தூற்றல் தொடங்கியிருந்தது. தெருத் திரும்பியதும் சம்பந்தி வீடு தெரிந்தது. வாசலில், மாடியில், பின்னால் கொல்லைப் பக்கத்துக் கொட்டகையில், எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரித்துப் பேசும் சத்தமும், யாரோ கிணற்றில் வாளியை இறக்கும் சத்தமும் கேட்டன.

ஜரீனா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. முன்வாசலை விட்டுவிட்டு, கொல்லைக்குப் போகிற சந்துக்குள் ஓடினாள்.